கரையில்லாத ஊரில் நைனா

மே மாதத்தில் ஜெய்சல்மேருக்குச் சுற்றுலா போன ஒரே குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். சிறுசேரியில் என் ஆபீஸில் விஷாகா என்று ஒருத்தி இருக்கிறாள். லீவு கிடைத்தால் ஊர் ஊராகச் சுற்றுகிறவள். நான் லீவு போட்ட அன்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாலைவனத்துக்கு யாராவது வெயில்ல போவாங்களா? டிசம்பர்ல போ" என்றாள். டிசம்பரில் போகலாம்தான். ஆனால் டிசம்பரில் என் நைனா கடலில் இருப்பார்.

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலில் இறங்கக் கூடாது. மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் தேவனேரியில் கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, சொத்தைப் பல் பிடுங்குவது எல்லாமே அந்த இரண்டு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். நைனா முன்பெல்லாம் எங்கள் கரையிலேயே சொந்தப் படகில் போய்க்கொண்டிருந்தார். இப்போது ஆறு வருஷமாகக் காசிமேட்டில் ராஜேந்திரன் என்பவருடைய விசைப்படகை ஓட்டுகிறார். மற்ற பத்து மாதமும் அவர் வீட்டுக்கு விருந்தாளிதான். ஆகவே ஊர் உலகமெல்லாம் டிசம்பரில் பாலைவனம் பார்த்தால், நாங்கள் மே மாதம்தான் பார்க்க முடியும். இதையெல்லாம் விஷாகாவுக்கு உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை இல்லை. "எங்க காலண்டர் வேற" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அந்த வாய் உண்டு. ஒன்றைச் செய்யாதே என்று யாராவது சொன்னால் போதும், அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் மறுவேலை.

ஆசை நைனாவுடையது. டீவியில் ஒட்டகம் வரிசையாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், "தண்ணியே இல்லாத ஊர ஒரு தபா பாத்துடணும் பாப்பா" என்பார். நாற்பது வருஷம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் கேட்கிறார், நியாயமாகத்தான் பட்டது. அம்மாவுக்கு, அதாவது வச்சலாவுக்கு, திருப்பதியே போதும். மாமல்லபுரத்தில் கூடை வைத்து மீன் விற்கிறவள் அவள். "மண்ண பாக்கறதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு நாளு ரயிலு? வாசல்ல கொட்டிக் கெடக்குது, வந்து பாரு" என்றாள். சொல்லிவிட்டுப் பெட்டியில் நாலு புதுப் புடவையை மடித்து வைத்தாள்.

ரயிலை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்த சூட்டில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். ஊர் முழுக்க மஞ்சள் கல். வீடு, மதில், மேட்டின் மேல் கோட்டை எல்லாம் ஒரே மஞ்சள். கோட்டைக்குள் இன்னமும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கொடியில் துணி காய்ந்தது, ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பாதி ஓட்டல்கள் பூட்டிக்கிடந்தன. நாங்கள் தங்கிய ஓட்டலில் எங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. எங்களைப் பார்த்த கடைக்காரர்கள் முதலில் நம்பவில்லை, அப்புறம் விடவில்லை.

நைனா மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன் சுற்றுலா வந்த மாதிரி இருந்தார். கல் ஜன்னல்களில் செதுக்கியிருந்த பூவேலையைத் தடவித் தடவிப் பார்த்தார். "நம்மூர்ல பாறைய கொடைஞ்சான். இவன் கல்லுல கோலம் போட்டுகீறான்" என்றார். ஊருக்கு நடுவில் ஏரி ஒன்று இருக்கிறது. படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் பெரிய பெரிய கெளுத்தி மீன்கள் வாயைத் திறந்துகொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறி வருகின்றன. நைனா தலையில் கைவைத்துக்கொண்டார். "இங்கயுமா? நான் லீவுல வந்துகீறேன்" என்று மீன்களிடமே சொன்னார். அம்மா அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தாள்.

மறுநாள் ஊருக்கு வெளியே, கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கப் போனோம். கணக்கிலடங்காத வருஷங்களுக்கு முன்னால் அங்கே பெரிய காடு இருந்ததாம். விழுந்த மரமெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கல்லாகி, இப்போது கம்பிக் கூண்டுக்குள் கிடக்கின்றன. கடலும் அப்போது பக்கத்திலேயே இருந்தது என்று காவலுக்கு இருந்தவர் சொன்னதை நைனாவுக்குச் சொன்னேன்.

"அப்ப கடலு எங்க போச்சி?"

"பின்வாங்கிடுச்சு நைனா."

அவர் கொஞ்ச நேரம் கல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மூர்ல முன்னால வந்துகினு கீது" என்றார். எங்கள் கரையில் மூன்று வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அதைத்தான் சொன்னார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மணல் மேடு. வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஜீப்காரர் விடியும் முன்பே கூட்டிக்கொண்டு போனார். சிவப்பு முண்டாசு கட்டிய பெரியவர். அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். சீசனில் அங்கே நூறு கூடாரம் இருக்குமாம். நாங்கள் போனபோது பத்துப் பன்னிரண்டுதான் மிச்சம். ஆட்கள் அதையும் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சூரியன் வந்தது. மணல் எங்கள் காலடியிலிருந்து கண்ணுக்கு எட்டும் வரை வரி வரியாக ஓடியது. தூரத்து மேடுகளில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து காதில் அலைச் சத்தத்தோடு இருந்தவள் நான். எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. நைனாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஒரு நடை போய்ட்டு வரேன்" என்றார்.

"வழி தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"யாருகிட்ட கேக்கற?"

போவதற்கு முன்னால் காலை அகட்டி நின்று திரும்பிப் பார்த்தார். எனக்கு அது பழக்கமான நிலை. எங்கள் ஆட்கள் கடலுக்குள் போகும்போது கரையில் இரண்டு அடையாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் லைட் ஹவுஸ், பின்னால் திருக்கழுக்குன்றம் மலை. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிகிற கோட்டிலேயே போய், அதே கோட்டிலேயே திரும்பி வருவார்கள். இதற்கு நேர் பிடிப்பது என்று பெயர். நைனா அன்றைக்கு நேர் பிடித்தது, முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஒரு வெள்ளைக் கூடாரம், அதற்குப் பின்னால் மேட்டில் ஒரு காற்றாலை. கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய பட்டன் போன். எனக்குப் பெருமையாக இருந்தது. வீடியோ எடுத்து விஷாகாவுக்கு அனுப்பினேன்.

ஏழரை மணிக்கு அந்த வெள்ளைக் கூடாரத்தைப் பிரித்தார்கள். நான் டீ குடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பத்தை உருவினார்கள், துணி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது, கொடியைச் சுருட்டி ஒருவர் அக்குளில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கடலுக்குப் போகிறவன் பெற்ற பெண் நான், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். லைட் ஹவுஸை யாரும் கழற்றி லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்று நைனாவுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கும் இருந்ததால் டீயைக் குடித்து முடித்தேன்.

எட்டரைக்கு அம்மா எழுந்து நின்றாள். ஒன்பதுக்கு ஜீப்காரர் எழுந்து நின்றார். இனி இருக்க முடியாது, போகலாம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நைனாவின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. ஒன்பது இருபதுக்கு அவரே கூப்பிட்டார்.

"பாப்பா, கூடாரத்த காணோம்."

குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் சிரிப்பு.

"எங்க நைனா கீற?"

"அது தெரிஞ்சா உன்னிய எதுக்கு கூப்புடறேன்?"

"தண்ணி கீதா?"

"இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சொல்றத கேட்டுக்க. எனக்கு முன்னால ரெண்டு காத்தாடி ஒண்ணு மேல ஒண்ணா தெரியுது. முன்னால கீறது சுத்தல, பின்னால கீறது சுத்துது. இந்தாண்ட திரும்புனா ஒரு டவரு. டவருக்கு நேரா ஒத்த மரம். வெளங்குதா?"

விளங்கவில்லை. அவர் சொன்னது ஒரு தெளிவான விலாசம். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே படிக்கத் தெரிந்த விலாசம். பெண் பிள்ளைக்கு அது எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் கேட்டதில்லை.

"எனக்கு வலது கை பக்கம் போனா வழி கெடைக்கும்னு தோணுது. நடந்து பாக்கறேன்" என்றார்.

"வேணாம் நைனா. நவுராத."

"சும்மா இங்க குந்தினு இன்னா பண்றது? தோணுது பாப்பா."

தோணுது என்பதெல்லாம் எனக்கு ஆகாது. வழி தப்பினவர்கள் நடந்து நடந்துதான் சாகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அவர் நடக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவர் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் நிறுத்த ஆளில்லை. நான் அவர் பெண்ணாயிற்றே, எனக்குத் தெரியாதா. ஆபீஸில் என் வேலை, சாப்பாடு கொண்டுவருகிற ஆள் எங்கே வருகிறான் என்று மேப்பில் காட்டுகிற ஆப்பைச் சோதித்துப் பார்ப்பது. வண்டி ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்து வரும். அதை நைனாவுக்கு ஒருமுறை காட்டியிருக்கிறேன். வாயைப் பிளந்து பார்த்தார். அந்த ஞாபகத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

"நைனா, நீ கீற எடம் எனக்குத் தெரிஞ்சிடுச்சு. என் போன்ல புள்ளியா தெரியுது. நீ நடந்தா புள்ளி நவுந்துடும். அங்கயே இரு. பத்து நிமிஷத்துல வந்துடறோம்."

"புள்ளி தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப சரி" என்றார். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில். "பொறுமையா வாங்க, அம்மாவ ஓடியார சொல்லாத." போன் கட்டாகிவிட்டது. அதன்பிறகு எத்தனை முறை போட்டும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே சொன்னது. பட்டன் போனில் புள்ளியும் வராது, ஒன்றும் வராது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஜீப்பில் ஏறினோம். நைனா எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கம் பெரியவர் ஓட்டினார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "புள்ளிய அவருக்கு காட்டு. எந்தாண்ட போவணும்னு காட்டு" என்று தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் போனை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

"காட்டேன்டி."

"புள்ளி இல்லம்மா."

"இன்னாது?"

"அவரு நடக்காம இருக்கணும்னு சும்மா சொன்னேன்."

அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தாள். இருபத்தேழு வயதில் வாங்கினேன். பெரியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓட்டினார். அம்மா அதற்குப் பிறகு நைனாவின் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடையாளங்களைப் பெரியவருக்குச் சொன்னேன். இரண்டு காற்றாலை, ஒரு டவர், ஒரு மரம். அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கையை நாலு திசையிலும் நீட்டினார். எல்லாத் திசையிலும் காற்றாலை. நான் எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டேன். டவரும் அங்கங்கே நின்றது. அவர் போலீசுக்கும் தெரிந்த ஜீப்காரர்களுக்கும் போன் போட்டார். நான் தேவனேரிக்குப் போட்டேன். நைனாவின் தம்பி தாமோதரன் சித்தப்பா, கரையோரம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், தனியாக எழுந்து போய்ப் பேசினார்.

"அண்ணன் சொன்ன நேர அப்பிடியே சொல்லு, ஒரு வார்த்த வுடாம."

சொன்னேன். போனில் அலைச் சத்தம் கேட்டது. அவர் மணலில் விரலால் கோடு போடுவதாகச் சொன்னார்.

"மொதல்ல கரை எந்தாண்ட கீது? அத சொல்லு."

"கரை இல்ல சித்தப்பா."

"கரைய வெச்சித்தானம்மா நேரு."

"இங்க கரையே கெடையாது."

போட்ட கோட்டை அழித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, "காத்து எங்கேருந்து வருது?" என்றார். நான் விரலை ஈரம் பண்ணிப் பிடித்துப் பார்த்தேன். எச்சில் உடனே காய்ந்தது, திசை தெரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு நேரு குடுத்துகீறாரு. ரெண்டு காத்தாடியும் ஒண்ணா தெரியற கோடு ஒண்ணு. டவரும் மரமும் ஒண்ணா தெரியற கோடு ஒண்ணு. ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அங்க குந்தினு கீறாரு. சுத்தாம நிக்கற காத்தாடிய புடி. அத புடிச்சிட்டா ஆள புடிச்சிடலாம்."

அது நல்ல யோசனைதான். பெரியவரிடம் சொன்னதும் அவரும் தலையாட்டினார். ஒரு மேட்டில் ஏறி, சுற்றாமல் நிற்கிற காற்றாலைகளைத் தேடினோம். நாலைந்துதான் இருந்தன. ஒவ்வொன்றாகக் கோடு பிடித்துப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். இரண்டு பார்த்தோம். மூன்றாவதுக்குப் போகும்போது சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. தோண்டி எடுத்துத் தலைநிமிர்ந்தபோது காற்று விழுந்துவிட்டிருந்தது. எல்லாக் காற்றாலையும் நின்றுவிட்டன. மணி பத்தே முக்கால்.

சித்தப்பாவுக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன். "எல்லாமுமா நின்னுடுச்சு?" என்றார். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் எங்கள் கரையில் அலை அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டு நான் அந்த வெயிலில் நின்றேன்.

போலீஸ் வண்டி ஒன்று வந்தது, ஜீப் இரண்டு வந்தன. முன்பின் தெரியாத எங்களுக்காக அவர்கள் தேடிய தேடலுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடம் தேடுவதற்கான இடமாகவே இல்லை. ஒரு மேட்டில் ஏறினால் அடுத்த மேடு மறைக்கும். "நைனா" என்று கத்தினால் குரல் பத்தடி போய் விழுந்துவிடும். நாற்பத்தாறு டிகிரி என்று ஒருவர் போனில் பார்த்துச் சொன்னார். அம்மா யாரிடம் பேசினாலும் தமிழிலேயே பேசினாள், அவர்கள் இந்தியில் பதில் சொன்னார்கள். "கடல்லேருந்தே திரும்பி வந்தவரு, வந்துடுவாரு" என்று அவள் ஒரு போலீஸ்காரரிடம் சொல்ல, அவர் அவள் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. நைனா குடிக்காமல் அவள் குடிக்க மாட்டாள். நானும் குடிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் குடித்துவிட்டேன். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மதியம் ஒன்றே காலுக்குப் போலீஸ்காரரின் போன் அடித்தது. மஞ்சள் கல் ஏற்றிப் போன ஒரு லாரிக்காரர், டயர் சூடு ஆற வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். ஒதுங்குவதற்காக மணல் மேட்டில் ஏறிப் பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நைனா சம்மணம் போட்டு நேராக உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றித் தலையில் போட்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. போன் பிளாஸ்டிக் கவரோடு மடியில் இருந்தது. நான் ஓடிப்போய் முன்னால் விழுந்தேன். அவர் கண் என்மேல் நிற்கவே நேரமாயிற்று.

"வந்துட்டியா" என்றார். "நான் நவுரல."

அதற்குப் பிறகு சாய்ந்துவிட்டார். நாலு பேர் தூக்கினார்கள். அவர் போனில் சொன்ன அதே வலது கைப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கினோம். கீழே தார் ரோடு. நான் காலடியை எண்ணிக்கொண்டே இறங்கினேன். இருநூற்றுப் பத்து அடி.

ஒன்பது நாள் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். சிறுநீரகம் இரண்டும் அடிபட்டுவிட்டன, பாதி வேலைதான் செய்கின்றன. செங்கல்பட்டில் வாராவாரம் காட்டுகிறோம். இனி வெயில் ஆகாது, உப்பு ஆகாது, கடல் வேலை கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காசிமேட்டு ராஜேந்திரன் நேரில் வந்து பழம் வைத்துப் பார்த்தார். போகும்போது, வேறு டிரைவர் போட்டுக்கொள்கிறேன் என்று நைனாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நைனா அதற்கெல்லாம் யாரையும் நொந்துகொள்ளவில்லை. வலைக்கூடத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னார். "திக்கு தப்பிப்போச்சிப்பா. நாப்பது வருசத்துல மொத தபா. என் பொண்ணு மட்டும் இல்லன்னா அங்கியே காய்ஞ்சி கருவாடாயிருப்பேன். எங்கியோ குந்தினு, போன்ல என்ன புள்ளியா பாத்துட்டா. நவுராதன்னா. நவுரல. கரெக்டா வந்து நின்னுட்டா." கேட்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். தாமோதரன் சித்தப்பா தலையைத் தூக்காமல் வலையையே பார்த்துக்கொண்டிருப்பார். உண்மை தெரிந்தது எங்கள் மூன்று பேருக்கும்தான். நாங்கள் அதைப் பற்றி எங்களுக்குள்ளேகூடப் பேசவில்லை.

ஜூன் பதினான்காம் தேதி தடைக்காலம் முடிந்தது. அன்று காலை காசிமேட்டுக்குக் கிளம்புகிறவர்கள் ஒவ்வொருவராக நைனாவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். ராஜேந்திரனின் படகில் நைனாவுக்குப் பதிலாகப் போகிறவர் சீனு அண்ணன். நைனாவிடம் வேலை கற்றவர். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். இடுப்பிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து நீட்டினார்.

"தங்கச்சி, நைனாக்கு வெச்சிருந்தியே ஒரு புள்ளி. அத எனக்கும் வெச்சி குடு. ரெண்டு பொட்டப் புள்ள கீது எனக்கு. எங்கனா மாட்டிக்கினாலும் நீ பாத்துக்குவ."

நைனா பெருமையாகச் சிரித்தார். "வெச்சி குடு பாப்பா."

சித்தப்பாவின் கை வலையில் நின்றுவிட்டது. எனக்கு இதற்குமேல் தாங்கவில்லை. இந்த ஆள் இதை நம்பிக் கடலுக்குப் போவார், நடுக்கடலில் என்ஜின் நின்றால் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"புள்ளி எதுவும் இல்லண்ணா" என்றேன். "அன்னிக்கும் இல்ல. நைனா, நீ நடந்துடுவேன்னு பயந்து பொய் சொன்னேன். நீ எங்க கீறன்னு எனக்குத் தெரியாது. நாலு மணி நேரம் தெரியாமத்தான் சுத்தினு இருந்தோம். நீ சொன்ன மாதிரி வலது பக்கம் போயிருந்தா ரோடு. நீ திக்கு தப்பல நைனா. நான்தான் உன்னிய குந்த வெச்சிட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். நைனா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் காத்துக்கொண்டிருந்ததே அதற்குத்தான். ஆனால் அவர் முகத்தில் மெல்ல மெல்லப் பயம் வந்தது. நைனா பயந்து நான் பார்த்ததில்லை.

"இல்லாமயா?" என்றார். "லாரி சத்தம் கேட்டுகினேதான் இருந்துச்சு பாப்பா. மேட்டுக்கு அந்தாண்ட. ஒண்ணு போவும், அப்பறம் ஒண்ணு போவும். ரெண்டு தபா எழுந்துட்டேன். நவுந்தா புள்ளி நவுந்துடும்னு மறுபடி குந்திட்டேன். புள்ளி இல்லாமயா நான் அங்க அத்தன நேரம் குந்தினு இருந்தேன்?"

அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். அம்மா வாசலில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு நைனா" என்றேன்.

"அதான பாத்தேன்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இவளுக்கு தன்ன பெருமையா பேசுனா புடிக்காதுப்பா. சின்னதுலேருந்தே அப்பிடித்தான்."

சீனு அண்ணன் சிரித்தார். போனை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தார். சித்தப்பா அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, நைனாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் போனை வாங்கிக்கொண்டேன். அதை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவில் நின்றேன்.